விளக்குக்காரர், நாலாம் பாகம்

தொலைக்காட்சியில் கதை பிழையாகப் போய்க்கொண்டிருந்தது. முதலாம் பாகத்திலேயே அருளம்பலத்துக்குச் சந்தேகம் தட்டியது. இரண்டாம் பாகத்தில் வலுத்தது. மூன்றாம் பாகம் முடிகிற இந்தப் பின்னேரத்தில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. கமாண்டர் பென்ரோசுக்குத் தமையன் என்று ஒருத்தன் கிடையாது. கறுப்புப் போர்வையோடு வானத்து வெளிச்சவீட்டுக்குள் நுழைகிறவன் சின்ன வயதில் தொலைந்துபோன தமையன் அல்ல. எங்கேயோ ஒரு கிரகத்திலிருந்து வந்த பரிசோதகன். விளக்கு எரிப்பதற்கு அனுமதி இருக்கிறதா என்று பார்க்க வந்திருக்கிறான். ஒரு பாகம் முழுக்க அதைத்தான் பேசினார்கள். மேசையைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு ஒப்பந்தம், உபபிரிவு, ஆட்சேபம். வெளியே பூதம் கதவை இடிக்கிறது, உள்ளே கூட்டம் நடக்கிறது. வெள்ளைக்காரன் நட்சத்திரத்துக்குப் போனாலும் கமிட்டி போடாமல் விடமாட்டான். பரிசோதகன் கோபத்தில் சுவரைக் குத்த, சுவர் ஆடியது. இரும்புச் சுவராம். விண்கல் பட்டாலும் அசையாதாம். பென்ரோஸ் பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு வசனத்தைத் தொடர்ந்தான். நல்ல மனுசன், சுவரின் மானத்தைக் காப்பாற்றினான். அருளம்பலத்துக்கு இதையெல்லாம் யாரிடமாவது சொல்லவேண்டும்போல் இருந்தது. சொல்லவில்லை. சொன்னால் பக்கத்துக் கதிரையில் இருக்கிற மனுசி "சரி" என்பாள். அதுதான் தாங்கமுடியாதது. பக்கவாதம் வந்து அவளுடைய சொற்களையெல்லாம் வாரிக்கொண்டு போனபோது இந்த ஒரு சொல்லை மட்டும் விட்டுவிட்டுப் போயிருக்கிறது. பசிக்கிறதா, "சரி." நோகிறதா, "சரி." யன்னலைச் சாத்தட்டா, "சரி." சாத்தினால் முகத்தைச் சுளிக்கிறாள். கல்யாணம் முடித்த நாள் தொடக்கம் ஒரு விஷயத்துக்காவது சரி என்று சொல்லியிராத மனுசி. சுவர்க் கடதாசியின் நிறத்துக்கு ஒரு மாதம் சண்டை பிடித்தவள். பெருவெள்ளம் வீடு முழுக்க அள்ளிக்கொண்டு போய்விட்டு, நெளிந்த தகரப் பேணி ஒன்றை மட்டும் முற்றத்தில் விட்டுவைக்குமே, அந்த மாதிரி இந்தச் சொல்.

வெளியே மழை. லண்டன் ஹாரோவில் மழை என்று சொல்வதற்கு ஒன்றுமில்லை, அது பெய்வதும் பெய்யாததும் ஒன்றுதான். இசைத்தட்டு மாதிரி இருக்கிற இந்தப் படத் தட்டுகளைப் பெட்டியோடு வாங்கிக்கொண்டு வந்தவள் மகள் தர்சினி. பேச்சுப் பயிற்சி கொடுக்க வருகிற பிள்ளை சொன்னதாம், பழகின பாட்டு, பழகின படம், பழகின குரல், இதுகளைக் கேட்டால் உள்ளே அடைபட்டது ஒருவேளை திறக்கும் என்று. ஒருவேளை. அந்தச் சொல்லை அந்தப் பிள்ளை சொல்லும்போது கண்ணைப் பார்க்காமல் பையை மூடுகிறது. வந்து வந்து அதுவும் களைத்துவிட்டது போலிருக்கிறது. வாறமுறை வந்து பார்த்துவிட்டு, மாற்றம் ஒன்றுமில்லையென்றால் வேறு ஆட்களைப் பார்க்கவேண்டுமாம், எத்தனையோ பேர் காத்திருக்கிறார்கள். நியாயம்தான். தர்சினி கொஞ்சம் முந்தி வேலையிடத்திலிருந்து போன் எடுத்தாள். "அப்பா, படம் பாக்கிறியளோ?" "ஓம்." "அம்மா பாக்கிறாவோ?" "கண் திறந்திருக்கு." "அப்பா! சும்மா போட்டுவிட்டிட்டு இருக்கக்கூடாது. கதைக்கோணும். நீங்கள் கதைச்சாத்தான் அம்மாக்கு வரும்." "என்னத்தைக் கதைக்கிறது?" "எதையெண்டாலும். அம்மா உங்களோட எவ்வளவு கதைச்சிருப்பா?" "அவ கதைச்சா. நான் கேட்டன்." "கேட்டியளோ?" என்று மகள் கேட்டாள். விசர்க்கேள்வி. அவர் போனை வைத்துவிட்டுக் குசினிக்குப் போய்த் தேத்தண்ணி போட்டு, அதற்குள் ஆஸ்பத்திரியில் தந்த தடிப்பு மாவைக் கலக்கினார். வெறும் தேத்தண்ணி அவளுக்குப் புரைக்கேறும். கலக்கக் கலக்க அது கூழாகிறது. ஏலக்காய் போட்டு, இஞ்சி தட்டிப் போட்டுத் தேத்தண்ணிச் சாயத்தை ஒரு கலையாகச் செய்தவளின் வாய்க்குள் இந்தக் கூழைக் கரண்டியால் விடுகிறபோது அவள் இடது கையால் கரண்டியைத் தள்ளிக்கொண்டு "சரி, சரி, சரி" என்று சொல்கிறாள். அதற்கு என்ன மொழிபெயர்ப்பு? யாரிடம் கேட்பது? இந்த வீட்டில் மொழிபெயர்க்கிறவள் அவள்தானே.

மொழிபெயர்க்கிறவள். அங்கேதான் எல்லாம் வந்து சிக்குகிறது. கல்யாணம் முடித்த புதிதில் டூட்டிங்கில் மேல்மாடியில் ஒரே அறை, கட்டில், ஹீட்டர், வீட்டுக்காரன் தன் பழைய சாமான்களோடு விட்டுவைத்திருந்த கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சிப் பெட்டி. அருளம்பலத்துக்கு அப்போது ஆங்கிலம் வாசிக்க வரும், தபால் பிரிக்கிற இடத்தில் விலாசம் படிக்கப் போதும், வெள்ளைக்காரன் வாயால் வந்தால் ஒன்றும் விளங்காது. அவளுக்கு வரும். கான்வென்டில் படித்தவள். கல்யாணம் பேசுகிறபோதே அதைத்தான் முதலில் சொன்னார்கள், பெட்டை இங்கிலீசிலை கனாக் காணுறவள் என்று. லண்டன் மாப்பிள்ளைக்கு வேறென்ன வேண்டும். சனிக்கிழமை பின்னேரம் அந்தத் தொடர் வரும். அதற்கு நீட்டாக ஒரு ஆங்கிலப் பெயர். வீட்டில் அதற்குப் பெயர் 'விளக்குக்காரர்'. வானத்தின் கடைசி விளிம்பில் ஒரு வெளிச்சவீடு, போகிற வருகிற கப்பல்களுக்கு அங்கே விளக்குக் காட்டுகிற ஆறேழு பேர். எந்தக் கிரகத்தில் இறங்கினாலும் அதே கல்லுடைக்கிற பள்ளம். போன கிழமை செத்தவன் இந்தக் கிழமை மீசை வைத்துக்கொண்டு வேறு ஆளாக வருவான். கட்டுப்பாட்டு அறை முழுக்க முட்டை அடுக்குகிற மட்டைகளுக்கு வெள்ளி மை பூசி ஒட்டியிருப்பார்கள், தேர்த்திருவிழாச் சோடனை மாதிரி லைட்டுகள் மாறிமாறி மின்னும், அது ஏன் மின்னுகிறது என்று அங்கே வேலை செய்கிறவனுக்கே தெரியாது. துவக்கு என்று நீட்டுவது தலைமயிர் காயவைக்கிற மெசின். ஒருத்தராவது சாப்பிட்டதில்லை, ஒருத்தராவது கக்கூசுக்குப் போனதில்லை. ஆனால் அந்த நடிகர்கள் இருக்கிறார்களே, மட்டையையும் தகரத்தையும் நம்பி, தொண்டைக்குழி துடிக்க, பிரபஞ்சம் அழியப்போகிறது என்று சொல்வார்கள். அவர்களுக்காகவே நம்பவேண்டும்போல் இருக்கும். அவர் கட்டிலில் சாய்ந்துகொண்டு கேட்பார்: "என்னவாம்?" அவள் பெட்டியை விட்டுக் கண் எடுக்காமல் சொல்வாள்: "பொறுங்கோப்பா. அந்தக் கறுப்புப் போர்வைக்காரன் இவன்ர தமையனாம். சின்னனிலை துலைஞ்சவனாம். இவனுக்குத் தெரியாது. டொக்டர்ப் பொம்பிளைக்குத் தெரியுமாம், சொல்லமாட்டாளாம்." "ஏன் சொல்லமாட்டாள்?" "அவளை முதல் கலியாணம் பேசினது தமையனுக்குத்தானே!" அவர் எழும்பி உட்கார்வார். பூதம் வந்தபோது கேட்டார், உதென்ன நிறம் என்று. "செவ்விளநீர் நிறம்." "கறுப்பு வெள்ளைப் பெட்டியிலை உமக்கெப்பிடித் தெரியும்?" "அவையள் சொல்லுகினமப்பா. நீங்கள் குறுக்கை குறுக்கைக் கதைச்சா நான் எப்பிடிக் கேக்கிறது?" இன்றைக்குத் திரையில் பூதம் பச்சை. குளத்துப் பாசிப் பச்சை, முதுகில் உடுப்பின் ஸிப் தெரிகிறது, கைக்குப் பாத்திரம் கழுவுகிற உறை. பச்சை என்று கண்டதும் அருளம்பலத்துக்கு அப்படியொரு கோபம் வந்தது. தயாரித்தவர்கள் ஏதோ ஏமாற்றிவிட்ட மாதிரி. செவ்விளநீர் நிறம்தான் அதற்குப் பொருந்தும்.

கென் என்றொரு வெள்ளைக்காரன். தபால் பிரிக்கிற இடத்தில் பக்கத்து மேசை, பீடி மாதிரி தானே சுற்றிக் குடிப்பான், நல்லவன், ஆனால் மந்தம் என்று அருளம்பலம் தீர்மானித்திருந்தார். தீர்மானித்ததற்குக் காரணம் இருக்கிறது. ஒரு திங்கட்கிழமை கென் வந்து, சனிக்கிழமை விளக்குக்காரர் பார்த்தாயா என்று கேட்டான். கேட்டதே பெரிய விஷயம். அதுவரை ஒருத்தன் அவரிடம் மழையைத் தவிர வேறொன்றைப் பற்றிப் பேசியதில்லை. இருந்த ஆங்கிலத்தையெல்லாம் கூட்டிப் பெருக்கி அவர் சொன்னார்: பார்த்தேன், பாவம், அந்தத் தமையன். கென் அவரைப் பார்த்தான். "என்ன தமையன்?" என்றான். பென்ரோசின் தமையன், கறுப்புப் போர்வைக்காரன், தன் பெண்ணைத் தம்பிக்கு விட்டுக்கொடுத்தவன் என்று விளக்கினார். கென் கையிலிருந்த கடிதக்கட்டை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றான். "என்ன தமையன்?" பிறகு தோளில் தட்டிவிட்டுப் போய்விட்டான். மனுசியிடம் வந்து சொன்னார், இவங்களுக்குத் தங்கட பாஷையே விளங்குதில்லை என்று. அவள் வெங்காயம் வெட்டிக்கொண்டு நின்றவள், தோள் குலுங்கச் சிரித்தாள், கண்ணால் தண்ணீர் ஓடியது, வெங்காயம் என்று நினைத்தார். இத்தனை வருஷம் மந்தம் என்று நினைத்த கென் செத்தும் போய்விட்டான், மரணச்சடங்குக்குப் போனவர், குளிரில் நின்றவர், அங்கேயும் மனதுக்குள் மந்தம் ஆனால் நல்லவன் என்றுதான் நினைத்தவர். என்ன தமையன்? நியாயமான கேள்வி, கென். மனுசிக்கு அந்தக் காலத்தில் ஒரு சொல்லும் விளங்கவில்லை. கான்வென்டில் கன்னியாஸ்திரி படிப்பித்த ஆங்கிலம் வேறு, இந்த ஊரான் மூக்கால் பேசுகிறது வேறு. கல்யாணப் பேச்சுக்காலில் முதலில் வைத்த பெருமையை எப்படி விடுவது? சொல்ல வெட்கப்பட்டு, வாய் அசைவைப் பார்த்துப் பார்த்து முழுக்கதையையும் தானே கட்டியிருக்கிறாள். வாராவாரம். முடிச்சுப் பிசகாமல். அதுவும் என்ன கதை! இவர்கள் எழுதிவைத்திருக்கிற இந்த அனுமதிக் கதையை நாயும் முகராது.

சிரித்திருக்கலாம். முதலாம் பாகத்தில் சிரிப்பு வந்ததும் உண்மை. பிறகு சிரிப்பு அடங்க, அடியில் கிடந்தது மேலே வந்தது. அப்படியென்றால் மற்றதெல்லாம்? கவுன்சில்காரன் கதவைத் தட்டி நின்று சொன்னது, பள்ளிக்கூட ரீச்சர் சொன்னது, பாங்க்காரன் சொன்னது, எல்லாவற்றுக்கும் அவள் பக்கம் திரும்பி "என்னவாம்" என்று கேட்டவர் அவர். அவள் என்ன சொன்னாளோ அதுதான் இந்த நாடு. அதை விடு. இவ்வளவு காலம் சீவித்தாயிற்று, குடியா முழுகியது. அதை விடு என்று சொல்கிறபோதே மனம் போய் நிற்கிற இடம் அவருக்குத் தெரியும், அங்கே போகாமல் திரையைப் பார்த்தார், பென்ரோஸ் சிவப்பு ஆளியை, அதுதான் சுவிட்சை, அழுத்துகிறான், சிவப்பு ஆளி ஒருபோதும் முதல் தரம் வேலை செய்யாது, இரண்டாம் தரம் அழுத்துகிறான், அந்த டாக்டர். ஆஸ்பத்திரியில் அந்த டாக்டர். உயரமானவன், கட்டிலோரம் குந்தி, அவள் கையைப் பிடித்துக்கொண்டு மெல்ல, நீட்டாக, எவ்வளவு நேரம் பேசினான். யன்னலில் பனி ஒட்டியிருந்தது. தர்சினிக்கு முந்திய பிள்ளை அது, பிறந்த சத்தம் கேட்கவில்லை. டாக்டர் எழும்பிப் போனதும் அவர் கேட்டார்: "என்னவாம்?" அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "ஒண்டுமில்லையாம். சின்னப் பெலவீனமாம். வீட்டை போகலாமாம்." அவ்வளவு நீட்டுப் பேச்சுக்கு அவ்வளவுதானா என்று அன்றைக்குத் தோன்றவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார்கள். ஆணா பெண்ணா என்று அவர் கேட்கவில்லை, கேட்டால் நோகும் என்று கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை, மறைக்கிறாள் என்று வெகுகாலம் ஒரு மூலையில் மனக்குறை. இப்போது இந்தக் கதிரையில் இருந்துகொண்டு, ஆறிப்போன கூழை மடியில் வைத்துக்கொண்டு விளங்குகிறது. அவள் மறைக்கவில்லை. அவளுக்கு விளங்கவில்லை. பிள்ளை ஏன் போனது, எங்கே கொண்டுபோய் வைத்தார்கள், ஒருக்கால் பார்க்கலாமா, எல்லாம் அவன் சொல்லியிருப்பான், வடிவாகச் சொல்லியிருப்பான், அவள் வாய் அசைவைப் பார்த்துக்கொண்டு கிடந்திருக்கிறாள். அவருக்கு மொழிபெயர்க்க அவள் இருந்தாள். அவளுக்கு யார் இருந்தது? விளக்குக்காரரில் பூதம் வந்தது அதற்கு அடுத்த வசந்தத்தில்.

நாலாம் பாகம் தொடங்கியிருந்தது. அருளம்பலம் தட்டின் உறையில் படித்துவிட்டார் என்ன நடக்குமென்று: பூதத்தை விளக்கறைக்குள் இழுத்து, விளக்கைப் பெரிதாக்கி எரிக்கிறார்கள். எரிகிறபோது அது கத்துமாம். கத்தினாலும் இரைச்சலாகவே கேட்கிற அந்தக் கறுப்பு வெள்ளைப் பெட்டியில் அது எரிந்ததென்று யாருக்குத் தெரியும்? வெளிச்சம், வெளிச்சத்துக்குள் ஒரு கறுப்பு உருவம் மெல்லமெல்ல இல்லாமல் போனது, அவ்வளவுதான். கட்டிலில் அவருக்குப் பக்கத்தில் கால்களை மடக்கி உட்கார்ந்திருந்த அவள் அப்போது கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரிச் சொன்னாள், பூதம் எதற்காக வந்ததென்று. என்ன சொன்னாள் என்று அவருக்கு நல்ல ஞாபகம். ஞாபகம் இல்லாத மாதிரி இருந்து பழகிய ஞாபகம். திரையில் பரிசோதகன் ஒப்பமிட்டான், பென்ரோஸ் பெருமூச்சு விட்டான், பூதம் நடைக்கூடத்தில் சுவரைப் பிடித்துப் பிடித்து வந்தது. உள்ளே இருக்கிற மனுசனுக்குக் கண் தெரியவில்லை போலும், கதவுநிலையில் முட்டிக்கொண்டது. பக்கத்துக் கதிரையில் மூச்சு மாறியது. திரும்பினார். அவள் முன்னுக்கு வந்திருந்தாள், இடது கை கதிரைப் பிடியை இறுக்கிப் பிடித்திருந்தது, கண் திரையில். அது கத்தப்போகிறது. இவ்வளவு காலம் கழித்து, உண்மையான சத்தத்தோடு, இவளுக்கு முன்னால் கத்தப்போகிறது. ரிமோட் எங்கே? மடிக்குள் இல்லை, கதிரைக்குள் இல்லை, கூழ்க் கோப்பைக்குக் கீழே, பிசுபிசுத்துக்கொண்டு. சத்தத்தை நிறுத்தினார். அறை முழுக்க மழை மட்டும். வாய்கள் அசைந்தன, ஒரு சொல்லும் இல்லை. டூட்டிங்கில் இருந்த மாதிரி. இனி யாராவது சொல்லவேண்டும்.

"இஞ்சரும்," என்றார் அருளம்பலம். "உவன்... உவன் தமையன்." அவள் பார்க்கவில்லை. "சின்னனிலை துலைஞ்சவன். டொக்டர்ப் பொம்பிளைக்குத் தெரியும். சொல்லமாட்டாள்." "சரி," என்றாள் அவள். "அவளை முதல் பேசினது தமையனுக்கு. கென்னுக்கும் சொன்னனான். அந்த மடையனுக்கு விளங்கேல்லை." கென், மன்னித்துக்கொள். "சரி." குரலில் ஏதோ இருந்ததா, இல்லை அவர் இருக்கவேண்டும் என்று நினைத்தாரா? இவ்வளவு நீட்டுக்கு அவர் எப்போது பேசினார்? வாய் களைத்தது. ஒவ்வொரு சனியும் இதை எப்படிச் செய்தாள், வேலைக்குப் போய் வந்து, சமைத்து, அந்த வயிற்றோடு? "இப்ப பூதம் வருகுது. செவ்விளநீர் நிறம்." "சரி." விளக்கறைக் கதவு திறந்தது. பூதம் உள்ளே போனது, கையுறைக் கைகளை முன்னுக்கு நீட்டிக்கொண்டு. சொல்லவேண்டிய இடம் இதுதான். சொல்லலாம். ஒரு சொல். அந்தச் சொல் இந்த வீட்டில், அந்தப் பொருளில், அந்த ஆஸ்பத்திரிக்குப் பிறகு ஒருபோதும் சொல்லப்படவில்லை. அவர் அதன் கிட்டப் போனார், நின்றார், திரும்பினார். "அது வந்து," என்றார், "அதுக்கு எண்ணெய் வேணும். விளக்கெண்ணெய்க்குத்தான் வந்தது." "சரி," என்றாள் அவள், பிறகு உடனே, "சரி, சரி," இடது கை கதிரைப் பிடியில் அடித்தது, "சரி! சரி!" கூழைத் தள்ளுகிற அதே "சரி", சுவர்க் கடதாசிக்குச் சண்டை பிடித்த முகம். "எண்ணெய்தான்," என்றார் அவர் பிடிவாதமாக, பயத்தில். "எண்ணெய் தேடித்தான்..."

"இல்லையப்பா."

அவர் அசையவில்லை. மழைதான் என்று நினைத்தார். அவள் வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது, அதற்குள் நாக்கு எதையோ தேடிக்கொண்டிருந்தது, இருட்டில் ஆளி தேடுகிற கை மாதிரி. திரை வெளுத்துக்கொண்டு வந்தது. பச்சை போய்விட்டது, எல்லா நிறமும் போய்விட்டது, வெளிச்சமும் ஒரு கறுப்பு உருவமும் மட்டும். "பிள்ளை," என்றாள். பிறகு மூச்சை எடுத்து, இன்னொரு தரம், சரியாக விளங்கவேண்டும் என்கிற கண்டிப்போடு: "அதின்ர பிள்ளை."

"ஓம்," என்றார் அருளம்பலம். "ஓமோம். பிள்ளையைத் தேடித்தான் வந்தது. நான் பிழையாச் சொல்லிப்போட்டன்." அவளுடைய இடது கை கதிரைப் பிடியில் திறந்து கிடந்தது. அதைப் பிடித்தார், கூழ் ஒட்டியது. வெளிச்சத்துக்குள் உருவம் சின்னதாகி, சின்னதாகிப் போனது. "வீட்டை போகுது, என்ன?" என்று கேட்டார். "சரி," என்றாள் அவள்; அது இந்த முறை சரிதான். பிறகு திரை கறுத்து, பெயர்கள் கீழிருந்து மேலே ஓடத் தொடங்கின. எழுதினவர், நடித்தவர்கள், மட்டைக்கு மை பூசினவர், பூதத்தைத் தைத்தவர், லைட் பிடித்தவர். இவ்வளவு பேர் சேர்ந்தும் அந்தக் கதை என்னவென்று ஒருத்தருக்கும் தெரியவில்லை. தெரிந்தவளின் பெயர் அதில் வரவில்லை. அருளம்பலம் அந்தப் பெயரைக் கடைசியாக வாயால் சொன்னது கல்யாணப் பதிவுகாரன் கேட்டபோது. பிறகு கூப்பிட்டதெல்லாம் இஞ்சரும் என்றுதான். பெயர்கள் ஓடி முடிந்து திரை வெறுமையானதும், வெறுமையான இடத்தைப் பார்த்து, ஒரு தரம், சத்தமாகச் சொன்னார்: யோகாம்பிகை.